கூரைமேல் கால் பாய்

வியட்நாமின் டோங் நாயில் வோ த்ரோங் ங்யா குழு வடிவமைத்து 2013இல் முடிந்த ‘ஃபார்மிங் கிண்டர்கார்டன்’, ஷூ ஆலைத் தொழிலாளர்களின் 500 குழந்தைகளுக்கானது. வரைபடமும் படங்களும் வைத்துத்தான் சொல்கிறேன்.

மூன்று முற்றங்களைச் சுற்றி வளையும் பசுங்கூரை, சரிந்து முற்றத்தில் தரையைத் தொடுகிறது. படியே இல்லாமல், ஓடுகிற ஓட்டத்தில் பிள்ளை தோட்டத்துக்குப் போய்விடும். இது அருமையான யோசனை.

ஆனா கணக்கு இடிக்குது. காய்கறிப் பாத்தி 200 சதுர மீட்டர். தலைக்கு 0.4, அதாவது கால் பாய் அகலம். மீதி பெரும்பாலும் புல்தான். புல்லைப் பார்த்து விவசாயம் கற்க முடியாது. விதைக்கணும், களை பிடுங்கணும், சிலது கருகிப்போறதையும் பார்க்கணும். வயலை விட்டு ஆலைக்கு நகரும் நாட்டில் இது சின்னக் குறையில்லை. ஏறுற வழி நல்லா அமைஞ்சிருக்கு; ஏறின பிறகு கைக்கு வேலைதான் கம்மி.