கருமணல் ஊரின் தெருக்கள்

கோலார் தங்கவயலுக்குக் கேமராவோடு போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு படங்களோடுதான் திரும்புகிறார்கள்: துருவேறிய சுரங்கக் கோபுரம், சயனைடு கழிவுமண் மேடு. 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின், பாழானதைத் தேடியே கண் பழகிவிட்டது. ஆனால் வட ஆர்க்காட்டிலிருந்து சுரங்க வேலைக்குப் போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அங்கே லைன் வீடுகளில் இருக்கிறார்கள். ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். மாரிக்குப்பம் ரயிலடியையும் ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவையும் யார் எடுக்கிறார்கள்?

ஆளை விட்டுக் கோபுரத்தை மட்டும் எடுக்கும் பார்வைக்கு முன்னோடிகள் ஜெர்மனியின் பெர்ன்ட், ஹில்லா பெக்கர் தம்பதி. 1959 முதல் ரூர் பகுதியிலும் பின்னர் வேல்ஸிலும் சுரங்கக் கோபுரங்களை மேகமூட்ட வெளிச்சத்தில், நேரெதிரே நின்று, ஒரே முறையில் எடுத்தார்கள். படத்தில் ஆளே இருக்காது. அந்த ஒழுங்குக்குப் பின்னால் பல்லாண்டுப் பொறுமை உண்டு. பின்வந்தவர்கள் பலர் ஆளில்லாத வெளியை எடுத்துக்கொண்டு பொறுமையை விட்டுவிட்டார்கள்.

கோலார்போல நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தாது எடுக்கும் ஊர் மணவாளக்குறிச்சி. கல்குளம் தாலுகாவில் இருக்கிறது. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அதிலிருக்கும் தோரியம் அன்று கேஸ் விளக்கு மேண்டிலுக்குத் தேவைப்பட்டது. சில ஆண்டுகளில் இங்கே ஆலை வந்தது. 1965இல் அது இந்திய அருமணல் நிறுவனத்தின் கைக்கு வந்தது. நூறாண்டு தாண்டியும் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட் பிரிகின்றன. கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் மணலெடுக்கும் திட்டத்துக்கு எதிர்ப்பு எழுந்தபோது கேமராக்கள் வந்தன. கூட்டம் கலைந்ததும் போய்விட்டன.

இந்தப் பக்கத்துக்குக் கேமரா வந்தது புதிதல்ல. திருவிதாங்கூர் அரசின் புகைப்படக்காரர் சகரியாஸ் டிகுரூஸ் 1900 வாக்கில் எடுத்த ஆல்பம், கர்சன் பிரபுவின் தொகுப்போடு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அது அரசு தன்னைக் காட்டிக்கொள்ள எடுத்த படம். அதன்பின் விவேகானந்தர் பாறை, 2000இல் திறந்த வள்ளுவர் சிலை, சூரிய அஸ்தமனம் என்று மாவட்டமே அஞ்சலட்டையாகிவிட்டது. எழுத்து அப்படித் தேங்கவில்லை. சுந்தர ராமசாமி 1966இல் ஒரு நாற்சந்திப் புளியமரத்தை நாவலாக்கினார். தோப்பில் முஹம்மது மீரான் தேங்காய்ப்பட்டணத்துத் தெருக்களை எழுதினார். அவர்கள் நின்ற இடத்தில் நம் புகைப்படக்காரர்கள் இன்னும் நிற்கவில்லை என்பதே என் குறை.

வழிகாட்ட ஆளில்லாமல் இல்லை. அபுல் கலாம் ஆசாத் முன்னின்ற ‘புராஜெக்ட் 365’, 2014இல் திருவண்ணாமலையின் அன்றாடத்தை ஓராண்டு முழுக்கப் பலர் கூடி எடுக்க இறங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழகத்துப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி மின்படியாக்கியது. முன்னது எடுப்பது, பின்னது காப்பது. மணவாளக்குறிச்சிக்கு இரண்டும் வேண்டும்.

அங்கே எடுக்கப் போகிறவருக்கு முதல் சோதனை மணல்தான். கேமராவின் ஒளிமானி கருமையைக் கண்டதும் வெளிச்சத்தைக் கூட்டும்; கருமணல் சாம்பல் நிறமாகிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்தால் கருப்பு கருப்பாகவே நிற்கும். அலை வடிந்த இடத்தில் கார்னெட்டின் செம்பழுப்புக் கோடும் தெளியும். ஆனால் மணலோடு நின்றுவிடக்கூடாது. ஷிப்ட் முடிந்து சைக்கிள்கள் வரும் சாலை, சின்னவிளையில் வலை காயும் முற்றம், மண்டைக்காட்டுக் கொடைக்குக் கடைபோடும் வியாபாரிகள், கடியபட்டணத்தில் கடல் சேரும் வள்ளியாறு, ஏ.வி.எம். கால்வாயின் மிச்சம் எல்லாம் வேண்டும். அதே இடத்தில் நின்று ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தால்தான் கரை நகர்வது தெரியும்.

காக்கும் வேலைக்கு வந்தால், பழைய தெருவைத் தேட நல்ல இடம் கல்யாண ஆல்பம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பின்னால் கடைப்பலகை, ஓட்டுவீடு, பஸ்ஸின் பாதி தற்செயலாக விழுந்திருக்கும். ஆலை ஓடும்போதே இந்த வேலை தொடங்க வேண்டும். மூடியபின் வருகிறவர்களுக்குக் கோலாரில் கிடைத்ததுதான் இங்கும் கிடைக்கும். எனவே மணவாளக்குறிச்சிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வீடு இடித்துக் கட்டும்போது பழைய ஆல்பங்களைத் தூக்கிப் போடாதீர்கள். படத்தின் பின்புறம் பென்சிலால் இடம், ஆண்டு, நிற்பவர் பெயர் மூன்றையும் எழுதி வையுங்கள்.