இரவல் குரல்

பாவலர் வரதராஜன் என்ற பெயரைச் சொன்னால், "இளையராஜாவின் அண்ணன்தானே?" என்பதுதான் பெரும்பாலும் முதலில் வரும் பதில். அவர் பாட்டுக் கட்டியவர், கட்டிய பாட்டைத் தானே மேடையேறிப் பாடியவர், கம்யூனிஸ்ட் கூட்டங்களுக்கு ஆள் சேர்த்ததில் பேச்சாளர்களுக்கு நிகராக அவருடைய குழுவுக்கும் பங்கிருந்தது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். 'அன்னக்கிளி' வெளிவந்த 1976இல் அவர் உயிரோடு இல்லை. தம்பியின் புகழ் அவருக்கு ஒரு உறவுமுறையைத் தந்தது. அவருடைய கலை அந்த உறவுமுறைக்குப் பின்னால் மறைந்துபோனது.

இந்த மறதியைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். அதற்குள்ளேயே இன்னொரு மறதியும் இருக்கிறது. பாவலர் குழுவின் மேடையில் ஒரு பெண் குரல் ஒலித்தது, பெண் இல்லை. அந்தக் குரல் யாருடையது, யாருக்காகப் பேசியது, பேசிய பிறகு எங்கே போனது என்று கேட்காமல் நம் அரசியல் பாட்டின் வரலாற்றை எழுத முடியாது.

பாவலரின் ஊர் பண்ணைப்புரம். போடிநாயக்கனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் இடையில், மேற்குமலையின் அடிவாரத்தில் இருக்கிறது. தேவாரம், கோம்பை, பொட்டிபுரம் என்று அந்த அடிவாரத்து ஊர்கள் எல்லாவற்றுக்கும் மலையோடு கூலி உறவு உண்டு. கீழே தண்ணீர் இல்லாத காலத்தில் மேலே ஏலத்தோட்டமும் தேயிலைத் தோட்டமும் சோறு போட்டன. பாவலரின் தந்தையும் தோட்ட வேலையோடு தொடர்புடையவர்தான். ஆகவே மலைக்குப் போய்ப் பாடுவது அவருக்கு அயலூர்ப் பயணம் இல்லை. பாட்டைக் கேட்கப்போகிறவர்களின் பேச்சு, பசி, கேலி எல்லாம் தெரிந்தே அவர் மலையேறினார்.

1957 தேர்தலில் தேவிகுளம் தொகுதியில் கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் வென்றார். காங்கிரஸ் வேட்பாளரின் மனு தள்ளுபடியானதை எதிர்த்து வழக்கு நடந்து, அந்தத் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பானது. 1958இல் இடைத்தேர்தல் வந்தது. இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் அமைச்சரவைக்குச் சட்டமன்றத்தில் பெரும்பான்மை மிகக் குறைவு. ஒவ்வோர் இடமும் முக்கியம். தொகுதியின் தோட்டங்களில் வேலை செய்தவர்களோ பெரும்பாலும் தமிழர்கள். 1956 மாநிலப் பிரிவினையில் மலை கேரளத்தோடு போனது. அவர்களின் மொழி தமிழாகவே இருந்தது. மலையாள மேடைப்பேச்சு எட்டாத லயங்களுக்குத் தமிழ்ப் பாட்டு போய்ச் சேர்ந்தது. ரோசம்மா மறுபடி வென்றார். அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்கு இருந்த பங்கை இ.எம்.எஸ்.ஸே பாராட்டியதாக இன்றும் சொல்வார்கள்.

பாவலரின் முறை எளிது. ஊரெல்லாம் முணுமுணுக்கும் சினிமா மெட்டை எடுத்துக்கொண்டு, அதில் அரிசி விலையையும் கூலியையும் ஆளுங்கட்சியையும் பற்றிய சொற்களை ஏற்றுவது. மெட்டு ஏற்கெனவே நாவில் இருப்பதால் சொற்கள் ஒரே இரவில் மனப்பாடமாகும்; மறுநாள் காலை கொழுந்துக் கூடையோடு மலையேறும். எழுத்தறிவு இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல துண்டறிக்கை கிடையாது. எழுத்து அதிகம் மறுக்கப்பட்டவர்கள் பெண்கள். கொழுந்து பறிப்பதிலும் அவர்களே மிகுதி. அப்படியானால் இந்தக் கலையின் முதன்மையான வாசகி ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண்.

இந்தக் குழுவில்தான் பதினான்கு வயது ராசையா, பின்னாளின் இளையராஜா, அண்ணனோடு சேர்ந்து ஊர் ஊராகப் போனார். தொடக்கத்தில் அவர் பாடியவை பெண் குரலுக்கான பாட்டுகள். வேட்பாளர் ஒரு பெண், கேட்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், பாட்டுக்குள் பேசுபவள் ஒரு பெண் என்றிருந்த அந்த மேடைகளில் பாடியவன் மட்டும் ஒரு பையன்.

இதைப் பாவலரின் குறையாகச் சொல்வது அநியாயம். தமிழ் மேடை நெடுங்காலமாக அப்படித்தான் நடந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த பாய்ஸ் கம்பெனிகளில் பையன்களே ஸ்திரீ பார்ட் கட்டினார்கள். இன்னும் பின்னால் போனால், தலைவியின் பேச்சை ஆண் புலவர் எழுதுவது நம் கவிதையின் முதல் மரபுகளில் ஒன்று. பெண்ணின் துயரத்தைப் பெண் குரலில் சொல்ல ஆண் வேண்டும். அந்தத் துயரத்தைச் சொல்ல ஒரு பெண் மேடையேறினால் அவளுடைய ஒழுக்கம் விசாரணைக்கு வரும்.

ராசையாவுக்கு வயதானபோது குரல் உடைந்தது. பெண் குரல் போன இடத்தில் ஆர்மோனியம் வந்தது. அந்த ஆர்மோனியம் அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பது உலகறிந்தது. அதே ஊரில் அதே வயதில் அதே அளவுக்குப் பாடத் தெரிந்த ஒரு பெண்பிள்ளை இருந்திருந்தால் என்னவாகியிருப்பாள்? அவளுடைய குரல் உடைந்திருக்காது. அவள் வயதுக்கு வந்ததும் வாசல் அடைபட்டிருக்கும். தாய் சின்னத்தாயம்மாள் பாடிய நாட்டுப்புறப் பாட்டுகளைத் தம் இசையின் ஊற்றாக இளையராஜா பலமுறை சொல்லியிருக்கிறார். தாயின் பாட்டு வயலிலும் வீட்டிலும் நின்றது. மகன்கள் வழியாகத்தான் அது மேடைக்குப் போக முடிந்தது.

பெண்களே பாடவில்லையா என்றால், பாடினார்கள். மதுரையின் கே.பி. ஜானகி அம்மாள் நாடக நடிகை; பாடிப் புகழ்பெற்றவர். அந்தக் குரலோடு அரசியல் மேடைக்கு வந்தார், சிறைக்குப் போனார், 1967இல் மதுரை கிழக்குத் தொகுதியிலிருந்து மார்க்சிஸ்ட் கட்சியின் சட்டமன்ற உறுப்பினரானார். நாடக மேடையிலிருந்து வந்ததால்தான் அவரால் கூட்டத்தின் முன் கூச்சமின்றிப் பாட முடிந்தது. 'நல்ல குடும்பத்து' பெண்ணுக்கு அந்த வாய்ப்பே இல்லை. ஆனால் அவரைத் தலைவராக நினைவில் வைத்த நாம், பாடகியாக நினைவில் வைக்கவில்லை. தலைவியின் கண்ணியத்துக்கு நடிகையின் பாட்டு இடைஞ்சல் என்று யாரும் வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. நினைவு தானே அதைக் கழித்துவிடும்.

இந்தக் கழித்தல் தமிழுக்கு மட்டும் உரியதில்லை. பிரான்சில் ஆன் சில்வெஸ்டர் (1934–2020) தானே எழுதி, தானே இசையமைத்து, தானே பாடியவர். கருவைச் சுமப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டென்பதை, அங்கே 1975இல் கருக்கலைப்புச் சட்டம் வருவதற்கு முன்பே பாட்டாக்கினார். இருந்தும் குழந்தைப் பாடல்கள் பாடிய அம்மாவாகவே பல வீடுகள் அவரை அறிந்திருந்தன. அரசியல் பேசும் பெண்ணைத் தாயாக்கிவிட்டால் அவளுடைய அரசியலைக் கேட்க வேண்டியதில்லை.

மறுபடி மலைக்கு வருவோம். ரோசம்மா வென்ற அதே 1958இன் பிற்பகுதியில் மூணாறுத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. இறந்தவர்களில் பாப்பம்மாள் என்ற பெண்ணும் ஒருவர். ஆட்சியில் இருந்தது தொழிலாளர்கள் பாட்டோடு வாக்களித்து வெல்லவைத்த கட்சி. கட்சிக்காகப் பாடும் எந்தக் கலைஞருக்கும் இதைவிடக் கடினமான இடம் கிடையாது. எதிரியைக் கேலி செய்ய மெட்டு உடனே கிடைத்துவிடும். தன் பக்கத்தைக் கேள்வி கேட்க அவ்வளவு எளிதில் கிடைக்காது. பாவலரின் பாடல்களையும் அந்தக் காலத்து மேடைப் பாடல்களையும் ஆய்வுக்கு எடுக்கும் மாணவிகள் அவற்றிடம் இரண்டு கேள்விகளாவது கேட்க வேண்டும். பாட்டுக்குள் இருக்கும் பெண் யாருடைய கூலியைப் பற்றிப் பேசுகிறாள், கணவனுடையதையா தன்னுடையதையா? ஒரே தோட்டத்தில் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த கூலி கொடுத்த காலம் அது. இரண்டாவது, பாப்பம்மாளுக்கு இந்தப் பாட்டுகளில் இடம் இருக்கிறதா?

இரவல் குரலின் எல்லை தெரிந்த நாள் 2015 செப்டம்பரில் வந்தது. கண்ணன் தேவன் தோட்டங்களில் போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டதும் ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாறுச் சாலையில் உட்கார்ந்தார்கள். அன்று அவர்களுடைய நாள்கூலி 232 ரூபாய். பெரும்பாலோர் தமிழர்கள், தலித்துகள். பெம்பிளை ஒருமை என்று அவர்கள் அழைக்கப்பட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர்களை அருகில் விடவில்லை; சங்கங்களின் கொடியும் வேண்டாம் என்றார்கள். கோஷத்தையும் தாங்களே தமிழில் கட்டினார்கள். கூடை சுமப்பது நாங்கள், பணம் சுமப்பது நீங்களா என்ற பொருளில் கம்பெனியையும் சங்கத்தையும் ஒரே மூச்சில் கேட்டார்கள். ஒன்பது நாளில் 20 சதவீதத்தை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள்.

அந்தக் கோஷங்களை இலக்கியம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எதுகை, அடுக்கு, கேள்வியும் பதிலுமாக வளரும் வடிவம் எல்லாம் அவற்றில் இருந்தன. பாவலர் மேடையில் கையாண்ட கருவிகளும் இவைதான். இப்போது வித்தியாசம், 'நாங்கள்' என்று பாட்டில் வந்தவர்களே பாடினார்கள். அதற்கு விலையும் கொடுத்தார்கள். கேரள அமைச்சர் எம்.எம். மணி 2017இல் அந்தப் போராட்டத்தைப் பற்றிப் பேசியது அவர்களின் நடத்தையைக் கொச்சைப்படுத்தும் பேச்சு. அதை எதிர்த்து அவர்கள் மறுபடி சாலையில் உட்கார வேண்டியிருந்தது. நாடகக்காரியை நோக்கி வீசிய அதே கல், அறுபது ஆண்டு கழித்துத் தோட்டக்காரியை நோக்கி வந்தது.

பாவலரைச் சிறியவராக்குவது இந்த வாசிப்பின் நோக்கம் இல்லை. கேட்பவர்களின் மொழியில், கேட்பவர்களின் கோபத்தைப் பாட்டாக்கியவர் அவர். பாட்டு அவர்களுடையதாகவும் ஆகலாம் என்று காட்டியவர். அவருக்குச் செய்யக்கூடிய மரியாதை அவர் படத்துக்கு மாலை போடுவதோடு முடியாது. 1958இல் அந்தப் பாட்டைக் கேட்ட பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இன்று எண்பதைத் தாண்டியிருக்கும். போடியில் ஏலக்காய் தரம் பிரித்த கைகளும், பொட்டிபுரத்திலிருந்தும் தேவாரத்திலிருந்தும் விடியுமுன் ஜீப்பேறிக் காய் எடுக்கப்போன கால்களும் இன்று திண்ணையில் இருக்கின்றன. அவர்களுக்குப் பாவலரின் பாட்டு தெரிந்திருக்கலாம். அந்த மெட்டில் அவர்களே கட்டிச் சேர்த்த அடிகளும் தெரிந்திருக்கலாம். ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் பெண்களின் கையில் ஒலிப்பதிவுக் கருவியாக ஒரு கைபேசி இருக்கிறது. பாட்டியிடம் உட்கார்ந்து கேட்க இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது.