தன் அவலமும் பிறர் அவலமும்: மன்னார்ப் பசாம் பாடல்கள் பற்றி ஒரு நோக்கு

கேட்போரை அழவைக்கும் பாட்டு உயர்ந்த கலையாகுமா என்னும் வினாவை நம் திறனாய்வாளர் நேராக எழுப்புவது அரிது. ஆயின் அதற்குரிய விடையை மட்டும் முன்கூட்டியே வழங்கிவிடுகின்றனர். 'ஒப்பாரி வைத்தல்' என்பது இலக்கிய உலகில் ஒரு வசைத்தொடர். கண்ணீரை வருவிப்பது எளிது, ஆதலின் அது மலிவானது என்பதே இதன் உட்கிடை. தவக்காலத்து இரவொன்றில் மன்னார்த் தீவிலோ எதிரேயுள்ள மாதோட்டக் கரையிலோ பசாம் படிக்கக் கேட்டவர் இவ்வுட்கிடையை அத்துணை எளிதில் ஏற்கமாட்டார்.

பசாம் என்பது கிறிஸ்துவின் பாடுகளை இராகத்தோடு படித்தலும் பாடுதலும் ஆகிய வழக்கு. போர்த்துக்கேயத் தொடர்பின் எச்சம் அப்பெயரிலேயே தங்கியுள்ளது. இவ்வழக்கிற்கு ஊட்டமளித்த நூல்களுள் தலையாயது யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676–1742) இயற்றிய 'வியாகுல பிரசங்கம்' ஆகும். கோவாவிற் பிறந்த அடிகளார், ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்திருந்த காலத்திலே, 1705ஆம் ஆண்டு தலைமன்னாரில் வந்திறங்கியவர். பெயருக்கேற்ப அது பிரசங்கம், உரைநடை. ஆயினும் நம் மக்கள் அதனை வாசிப்பதில்லை, நீட்டி இசைக்கின்றனர். குருவானவர் வெளிப்பட நடமாட இயலாத காலத்தில் நூல் அவருக்குப் பதிலாக நின்று பேசிற்று என்றால், அந்நூலுக்கு மக்கள் தம் குரலை ஈந்தனர் எனலாம். தேவதாயின் புலம்பல்களும் இதனருகே வந்து சேர்ந்தன. பேசாலையில் இம்மரபு 'உடக்குப் பாஸ்' என்னும் நிகழ்த்துகலையாகவும் வளர்ந்தது. உடக்கு எனப்படும் உருவங்களைக் கொண்டு பாடுகளின் காட்சிகள் ஆங்கே காட்டப்படும்.

மன்னாரின் கூத்து ஆய்வாளர் கவனத்தைப் பெற்றதுண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மூவிராசர் நாடகம், ஞானசௌந்தரி நாடகம் முதலியவற்றைப் பதிப்பித்தமையால் அவை பல்கலைக்கழக வாயிலைக் கடந்தன. பசாம் பாடல்களுக்கு அந்த நற்பேறு வாய்த்ததென்று சொல்வதற்கில்லை. கூத்திலே ஆட்டமும் அரசரும் போரும் உண்டு. பசாமிலோ அழுகை மாத்திரமே உண்டென எண்ணிவிட்டோம் போலும்.

தொல்காப்பியர் அழுகையை இவ்வாறு ஒதுக்கவில்லை. எண்வகை மெய்ப்பாட்டுள் நகைக்கு அடுத்ததாக அதனை வைத்து, இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களங்களையும் வகுத்தார். உரைகாரருள் பேராசிரியர் ஈண்டு நுண்ணியதொரு வேறுபாட்டைக் காட்டுகின்றார். ஒருவர் தம் துயருக்குத் தாமே வருந்துவது ஒன்று. பிறர் துயர் கண்டு வருந்துவது மற்றொன்று. இவை அவலம், கருணை எனப் பிரித்தெண்ணவும் படும் என்பது அவர் கருத்து. பசாம் பாடல்களின் ஆற்றல் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட எல்லையிலேதான் இயங்குகின்றது என்பது என் துணிபு.

செத்தவீட்டு ஒப்பாரியில் பாடுபவளே இழந்தவள். உடல் முன்னே கிடக்கின்றது. வந்த பெண்கள் கட்டிப்பிடித்து அழுகின்றனர். பாட்டு அங்கேயே பிறந்து அங்கேயே கரைகின்றது. பசாம் படிப்பவரோ அவ்வேளையில் எதனையும் இழந்தவரல்லர். இழந்தவள் பல நூற்றாண்டுகளுக்கு முன் எருசலேமில் நின்ற ஒரு தாய். எனினும் தமிழிற் புலம்பும்போது அத்தாய் பேசுவது நம் செத்தவீட்டு மொழியையே. மகனைப் பலகாலும் விளித்தல், விடைவராத வினாக்களை அடுக்குதல், பாலூட்டி வளர்த்த உடலையும் காயப்பட்ட உடலையும் அருகருகே வைத்துக் காட்டுதல் ஆகிய அனைத்தும் ஒப்பாரியிலிருந்து வந்தவை. இராகமும் அவ்வாறே. சில சுரங்களுக்குள்ளேயே சுழன்று அடியிறுதியில் நீண்டு தாழும் அப்போக்கைக் காது முன்பே அறியும். சொல் வந்து சேருமுன்னரே தொண்டை அடைத்துக்கொள்கின்றது. முதலடியில் மரியாளுக்காக அழத் தொடங்கிய பெண், மூன்றாம் அடியில் எந்த வீட்டு முற்றத்தில் நிற்கின்றாள் என்பதை அவளே அறிவாள்.

படிப்பவர் மட்டும் அழலாகாது. குரல் உடைந்தால் அடி சிதறும். அடி சிதறினால் எதிரிலிருப்போரின் அழுகையும் சிதறும்.

கண்ணீரையே நோக்கமாகக் கொண்ட பாட்டைக் கூச்சமின்றி ஏற்றுக்கொண்ட வேறொரு சமூகத்தை இங்கு ஒப்புநோக்குவது பயனுடைத்து. யப்பானியர் 'என்கா' என வழங்கும் பாடல்கள் பிரிவையும் பிறந்த ஊரையும் துறைமுகத்தையும் மதுவையும் தாயையுமே மீண்டும் மீண்டும் பாடுவன. கோகா மசாவோ (1904–1978) இசையமைத்து 1931இல் வெளிவந்த பாடலொன்றின் தலைப்பே, மது கண்ணீரா பெருமூச்சா என வினவுவது. அவர் இசையமைத்த 'கனாஷீ சாகே', அதாவது துயர மது, என்னும் பாடலை 1966இல் மிசோரா ஹிபாரி பாடி வெளியிட்டார். மேடையில் அதனைப் பாடுகையில் அவர் கன்னத்தில் கண்ணீர் வழியும்; குரலோ பிசகாது. அக்கண்ணீர் மெய்யா நடிப்பா எனக் கேட்பவர் வினாவையே பிழையாகக் கேட்கின்றார். ஐந்து சுர அளவையும் 'கொபுஷி' எனப்படும் குரல் நெளிவும் எவ்வாறு பயின்று அடையப்படுவனவோ, அவ்வாறே கண்ணீரும் அங்கு வடிவத்தின் ஓர் உறுப்பு. பயின்றது ஆதலாற் பொய் என்பது அதன்பாற் பொருந்தாது. வேறுபாடும் உண்டு. ஹிபாரி பாடுவது ஒருத்தியின் தனிமை. கேட்போரும் தத்தம் தனிமையிலே அழுவர். பசாமில் ஊர் கூடி அழுகின்றது.

அந்த ஊர் எதனைக் கண்டது என்பதை விடுத்துக் கலைநுட்பம் மட்டும் பேசுதல் முறையன்று. 1999 நவம்பரில் மடுத் திருத்தலத்தில் தஞ்சம் புகுந்திருந்தோர் எறிகணைகளுக்குப் பலியாயினர். 2006 யூன் 17இல் பேசாலை புனித வெற்றி அன்னை ஆலயத்துள் அடைக்கலம் தேடியிருந்த மக்கள்மீது கைக்குண்டு வீசப்பட்டது; ஆண்டாண்டாகப் பாடுகளைப் பாடி அழுத ஊரின் ஆலயம் அது. போர்க்காலம் முழுவதும் படகேறி இராமேசுவரக் கரையை நாடியோர் பலர். இவற்றுக்கெல்லாம் மேலாகக் காணாமலாக்கப்பட்டோர் உளர். ஒப்பாரிக்கு உடல் வேண்டும். இவர்தம் தாய்மார்க்கு உடல் இல்லை, இறந்த நாளும் இல்லை. இறந்தான் என்று பாடுவதே மகனைக் கைவிடுவதாகிவிடும் என அஞ்சும் தாய்க்குச் செத்தவீடு மறுக்கப்பட்டுள்ளது. பசாமோ அவளை எதனையும் ஒப்புக்கொள்ளுமாறு கேட்பதில்லை. மரியாளின் மகனுக்காக அவள் அழலாம். அவ்வழுகை யாரைச் சென்று சேர்கின்றது என அருகிலிருப்போர் வினவார். பேராசிரியர் பிரித்துக்காட்டிய இரண்டும் இவளிடத்தே ஒன்றாகி விடுகின்றன. பிறர் அவலம் என்னும் திரை இன்றேல் இவள் தன் அவலத்தை அழவே இயலாது.

இதற்கோர் எல்லையும் உண்டு. அதனைச் சொல்லாதுவிடின் கட்டுரை நேர்மையுடையதாகாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் மன்னார்த் தீவினின்று வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் அவலத்துக்கு ஆலய முற்றத்தில் இராகம் எதுவும் இருக்கவில்லை. அயலவரின் துயரை அணைக்கும் அளவுக்கு நம் கருணை விரியவில்லை என்றே கொள்ளவேண்டியுள்ளது.

இத்தகைய கண்ணீர் சினத்தைக் கரைத்து மக்களை அடக்கிவிடும் என்போரும் உளர். அக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. அழுதபின் வரும் அமைதி அதிகாரத்துக்கு வசதியானதே. ஆயினும் பாடுகளின் கதை ஆறுதற் கதையன்று. குற்றமற்றவன் என அறிந்தும் கையளிக்கப்பட்ட ஒருவனின் கதை. தீர்ப்பளித்தவனின் பெயர் அதில் மறைக்கப்படுவதில்லை. கைகழுவிய பிலாத்துவை ஆண்டுதோறும் பெயர்சொல்லிப் பாடும் மக்கள் மறதிக்குப் பழக்கப்பட்டவரல்லர்.

என் கவலை வேறு. மின்னிசைப் பின்னணியும் திரைப்பட மெட்டும் புகுந்த புதிய ஒலிப்பதிவுகள் சிலவற்றில் பாடகரே ஒலிவாங்கியின் முன் விம்முகின்றார். ஹிபாரியின் கண்ணீருக்கு அடியில் பிசகாத குரல் இருந்தது. இவர்களிடம் அதுவும் இல்லை. அழுகை முழுவதையும் பாடகரே எடுத்துக்கொண்டபின் கேட்பவள் தன் மகனை எங்கே கொண்டுவந்து வைப்பாள்? பழைய படிப்பாளரின் வறண்ட, நீண்ட, உடையாத குரலில் அவனுக்கு இடம் இருந்தது.