முதுகுவலிக்கு நுண்துளை அறுவை: ஒரு மதிப்பீடு

"பெரிய தழும்பில்லை; மறுநாளே நடக்கலாம்" என்று நாள்பட்ட முதுகுவலிக்கும் கால்வலிக்கும் நுண்துளை அறுவையைச் சிபாரிசு செய்யும் விளம்பரங்களை இன்று பரவலாகக் காண்கிறோம். காஞ்சிபுரம் மாவட்டத்துப் புள்ளலூரில் நாற்று நட்டுக் குனிந்தே நாளைக் கழிக்கும் ஒரு பெண்மணிக்கு இச்சொற்கள் எத்தனை ஆறுதல் தருமென்று கூற வேண்டுவதில்லை. ஆயினும் அவர் நகையை அடகு வைக்குமுன் இக்கூற்றைச் சற்று உரைத்துப் பார்ப்பது நலம்.

முதற்குறை 'முதுகுவலிக்கும் கால்வலிக்கும்' என்ற தொடரிலேயே இருக்கிறது. இவை இரண்டும் ஒரே நோயன்று. முள்ளெலும்புகளுக்கிடையே மெத்தைபோல் அமைந்த வட்டினை 'டிஸ்க்' என்கிறோம். அதன் நடுவிலுள்ள கூழ் போன்ற பகுதி பின்புறமாகப் பிதுங்கி நரம்பு வேரை அழுத்தினால், பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வழியே பாதம் வரை வலி சுரீரென்று இறங்கும். பிதுங்கிய துண்டை அகற்றிவிட்டால் இக்கால்வலி பெரும்பாலும் விரைவில் தணியும். இடுப்போடு நின்றுவிடும் வலியின் கதை வேறு. தசை, மூட்டு, வட்டின் தேய்வு, வேலைப் பளு, உறக்கமின்மை, கவலை எனக் காரணங்கள் பல. வெட்டி எடுக்க அங்கே பெரும்பாலும் ஏதுமில்லை. துளை எவ்வளவு சிறிதாயினும் இந்த உண்மை மாறுவதில்லை.

துளை சிறுத்தால் பலன் பெருகுமா? நெதர்லாந்தில் 328 நோயாளிகளிடம் குழாய் வழியே செய்யும் அறுவையையும் வழக்கமான அறுவையையும் ஒப்பிட்டு, 2009இல் முடிவுகளை வெளியிட்டனர். ஓராண்டுக்குப் பின் நன்கு தேறியதாகக் கூறியோர் முன்னதில் நூற்றுக்கு 69 பேர், பின்னதில் 79 பேர்! இதை எந்த விளம்பரமும் நினைவூட்டுவதில்லை. மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அதே நாட்டில் அகநோக்கி கொண்டு செய்யும் அறுவையை 613 பேரிடம் சோதித்து 2022இல் வெளியான ஆய்வு, அம்முறை பழைய முறைக்குத் தாழ்ந்ததன்று என்றும், கால்வலி சற்றுக் கூடுதலாகவே குறைந்தது என்றும் காட்டியது. ஆகவே கருவியைப் பழிப்பதற்கில்லை. ஆனால் இவ்விரு ஆய்வுகளிலும் பங்கேற்றோர் வட்டுப் பிதுக்கத்தால் கால்வலியுற்றவர்கள். அவர்களிடம் கண்ட பலனை வெறும் முதுகுவலிக்காரருக்கும் சேர்த்து வாக்களிப்பதைத்தான் நாம் குறை கூறுகிறோம்.

பொறுத்திருப்பதற்கும் பலனுண்டு. கடுமையான கால்வலியுடைய 283 பேரை ஆராய்ந்த 2007ஆம் ஆண்டு ஆய்வில், உடனே அறுவை செய்து கொண்டோர் விரைவில் வலி நீங்கப் பெற்றனர். ஆனால் ஓராண்டு முடிவில், முதலில் காத்திருந்த பிரிவிலும் தேறியோர் நூற்றுக்கு 95 பேர்; அப்பிரிவில் சிலர் இடையில் அறுவை செய்துகொண்டதும் உண்மை.

இனி நம் மாநிலத்து ஆய்வொன்று. கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். இராஜசேகரன் குழுவினர் நாள்பட்ட இடுப்புவலியுடைய 44 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு எம்.ஆர்.ஐ. அறிக்கையில் கண்டதை அப்படியே விளக்கினர். மற்றவர்களிடம், வயதுக்கேற்ற மாற்றங்களே உள்ளன, அஞ்ச வேண்டாம் என்றனர். ஆறு வாரங்களில் முதற்பிரிவினரின் அச்சம் மிகுந்திருந்தது. வலியும் குறைவாகவே தணிந்தது. வழக்கமான அறிக்கையைப் படித்த மருத்துவர்கள்கூட நோயைக் கடுமையாக மதித்து அறுவையை அதிகம் நாடியதாக, 2021இல் வெளியான அதே ஆய்வு கூறுகிறது. 44 என்பது சிறு எண்ணிக்கைதான், மருத்துவமனையும் ஒன்றே. எனினும் 'ஜவ்வு விலகிவிட்டது' என்ற ஒரு வரி கேட்டுக் கடன் தேடப் புறப்படுவோர் அறிய வேண்டிய செய்தி இது.

ஒன்றில் மட்டும் தயக்கம் கூடாது. சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போதல், சிறுநீர் அடைத்துக்கொள்ளல், தொடையிடுக்கில் மரத்துப்போதல், பாதத்தைத் தூக்க முடியாமை ஆகியவை தோன்றினால் அன்றே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். துளையிட்டுச் செய்வதா, திறந்து செய்வதா என்ற விசாரணைக்கு அப்போது நேரமில்லை.