ஒரு கல்லுக்கு ஓர் உருவம்

24 பேர் இருக்க வேண்டிய இடத்தில் 31 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். விவிலியத்தின் திருவெளிப்பாடு நூலில் இறைவனின் அரியணையைச் சூழ்ந்து அமர்ந்திருக்கும் மூப்பர்கள் 24 பேர்தான். ஆனால் ஒல்னே ஊரின் புனித பேதுரு தேவாலயத்தில், தெற்கு வாசலின் மூன்றாம் வளைவில், தலையில் மகுடமும் கையில் இசைக்கருவியும் நறுமணக் குப்பியுமாக 31 மூப்பர்கள் வரிசை கட்டியிருக்கிறார்கள். சிற்பிக்கு எண்ணத் தெரியாமல் போகவில்லை. அந்த வளைவைக் கட்ட அத்தனை கற்கள் வேண்டியிருந்தன. கல்லுக்கு ஒருவராக மூப்பர்களை உட்கார்த்திவிட்டார். மறைநூல் சொன்ன கணக்கைக் கட்டடக் கணக்கு வென்ற இடம் இது. இந்தத் தேவாலயத்தின் அழகு எனக்குப் பிடிபட்டதும் இங்கேதான்.

ஒல்னே, பிரான்சின் மேற்குப் பகுதியில், புவாத்தியேயிலிருந்து சேந்த்துக்குப் போன பழைய ரோமானியச் சாலையில் அமைந்த சிற்றூர். தேவாலயம் ஊருக்குச் சற்று வெளியே, கல்லறைகளுக்கு நடுவில் நிற்கிறது. கட்டியது 12ஆம் நூற்றாண்டில். ஸ்பெயினின் சந்தியாகோவுக்கு நடந்துபோன யாத்திரிகர்கள் இந்த வழியாகவும் போனார்கள். அந்தப் பாதைகளை 1998இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றபோது இதையும் சேர்த்துக்கொண்டது.

கோங்க், மொய்சாக் போன்ற ஊர்களின் தேவாலயங்களில் வாசலுக்கு மேலே அரைவட்டமாகப் பெரிய கற்பரப்பு ஒன்று இருக்கும்; அதில் இறுதித் தீர்ப்பையோ அரியணையில் வீற்றிருக்கும் கிறிஸ்துவையோ விரித்துச் செதுக்குவார்கள். ஒல்னேயில் அந்தப் பரப்பே கிடையாது. சுவர் மிகத் தடிமன் என்பதால் வாசல், ஒன்றுக்குள் ஒன்றாக ஒடுங்கிப் போகும் வளைவுகளாக உள்வாங்குகிறது. சிற்பிக்குக் கிடைத்த இடம் அந்த வளைவுகளின் விளிம்பு மட்டுமே, ஆப்பு வடிவக் கற்களை அடுக்கிய குறுகலான பட்டைகள். கல் சுண்ணாம்புக்கல், நுணுக்கமான உளி வேலைக்கு இடம் கொடுக்கும் கல்.

தெற்கு வாசலின் முதல் வளைவில் கொடிகளுக்கிடையே விலங்குகள். அடுத்ததில் ஒளிவட்டத்தோடு புனிதர்கள். மூன்றாவதில் நம் மூப்பர்கள். வெளிவளைவில் மறைநூலுக்குக் கட்டுப்படாத ஒரு கூட்டம்: கலப்பு உடல் கொண்ட விசித்திர உயிர்கள், கின்னரம் மீட்டும் கழுதை ஒன்று. இந்த வாசலில் உருவங்கள் எல்லாம் வளைவின் மையத்திலிருந்து கதிர்போல வெளிநோக்கி நிற்கின்றன. கல்லின் குறுகிய முனையில் கால், அகன்ற முனையில் தலை. கல்லின் வடிவத்தையே உடலின் வடிவமாக எடுத்துக்கொண்டதால் இடுக்கில் திணித்த உணர்வு எங்கும் இல்லை.

மேற்கு முகப்பு இதற்குப் பின் எழுந்தது. குறுகலான கல்லில் உருவத்தை எப்படி அமர்த்துவது என்பதற்கு அங்கே விடை வேறு. உள்வளைவில் வானதூதர்கள் கிறிஸ்துவின் அடையாளமான ஆட்டுக்குட்டியை ஏந்துகிறார்கள். அதற்கடுத்து நற்குணங்கள் போர்வீராங்கனைகளாக, நீண்ட கேடயம் பிடித்துத் தீக்குணங்களைக் காலடியில் மிதிக்கிறார்கள். பிறகு இயேசுவின் உவமையில் வரும், விளக்கேந்திய பத்துக் கன்னியர். வெளியே ராசிகளும் மாதங்களின் வேலைகளும். இந்த வீராங்கனைகளும் கன்னியரும் குறுக்கே நிற்கவில்லை. வளைவின் ஓட்டத்தோடு உடல் நீண்டு, உச்சியை நோக்கி இரு பக்கமிருந்தும் ஏறுகிறார்கள். ஒரே உடல் ஒரு கல்லைத் தாண்டி அடுத்த கல்லுக்கும் போகிறது. கல்லின் பிடியிலிருந்து உருவம் விடுபடத் தொடங்கிய கட்டம் இது. பின்னாளில் கோதிக் வாசல்களில் நாம் பார்க்கும் நெடிய உருவ வரிசைகளுக்கு இப்படிப்பட்ட முயற்சிகள்தான் வழி திறந்தன. பெரிய வாசலுக்கு இரு பக்கமும் இரண்டு மூடிய வளைவுகள். இடப்பக்கத்தில் தலைகீழாகச் சிலுவையில் அறையப்படும் பேதுரு.

நேர்த்தி என்று பார்த்தால் மேற்கு முகப்பு ஒரு படி மேல்தான். ஆனாலும் என் மனம் தெற்கு வாசலையே தேடிப் போகிறது. கல்லோடு மல்லுக்கட்டாமல் கல்லைக் கேட்டுச் செதுக்கிய கை அங்கே தெரிகிறது.

உள்ளே போனால் நடுக்கூடத்துக்கு நேரடியாக வெளிச்சம் வரும் சன்னலே இல்லை. லேசாகக் கூம்பிய நீள் வளைகூரையைத் தாங்கப் பக்கக்கூடங்களை ஏறக்குறைய அதே உயரத்துக்கு எழுப்பியிருக்கிறார்கள். அவற்றின் சன்னல்கள் வழியாகத்தான் ஒளி நுழைகிறது. தூண்களைச் சுற்றி வந்து சேர்வதற்குள் அது மென்மையாகிவிடுகிறது. குறுக்குக்கூடத்தில் ஒரு தூண்தலையைத் தவறவிடக் கூடாது. அதில் யானைகள். சிறிய காது, கனத்த உடல், ஏதோ ஓவியத்திலோ துணியிலோ கண்டதைப் பின்பற்றிய சாயல். மேலே லத்தீனில் 'இவை யானைகள்' என்று பொறித்திருக்கிறார்கள். யானையை யாரும் பார்த்திராத ஊரில் அந்தப் பெயர்ப்பலகை தேவைப்பட்டிருக்கும். தும்பிக்கையை மட்டும் சரியாகப் பிடித்துவிட்ட அந்தக் கையை நினைத்தால் அன்பு சுரக்கிறது.

15ஆம் நூற்றாண்டில் மேற்கு முகப்புக்குத் தடித்த உதைசுவர்கள் சேர்த்தார்கள், கோபுரமும் உயர்ந்தது. உதைசுவர்கள் முகப்பின் பழைய அளவமைதியைக் கொஞ்சம் கெடுத்தது உண்மை. அவை இல்லாதிருந்தால் சிற்பங்களே நமக்கு மிஞ்சியிருக்குமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

தெற்கு வாசலை எட்ட நின்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். வளைவுக்கு நேர் கீழே வந்து தலையை நன்றாக அண்ணாந்து பாருங்கள். மூப்பர்கள் அமர்ந்திருக்கும் கற்களின் அடிப்பக்கத்தில், எட்ட நிற்பவர் கண்ணுக்குப் படாத இடத்தில், சின்னஞ்சிறு மனிதர்கள் மண்டியிட்டுத் தோள்கொடுத்து ஒவ்வொரு மூப்பரையும் சுமந்துகொண்டிருப்பார்கள்.