அளவுகோலும் அளக்கப்படும் உடலும்

வளர்ந்தோர் ஒருவர் மெலிந்தவரா, பருத்தவரா என்பதை ஒரே எண்ணால் உரைக்க முயல்வது உடல் நிறைக் குறியீட்டெண். கிலோகிராமில் கண்ட எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அது கிடைக்கும். 1.60 மீட்டர் உயரமும் 62 கிலோகிராம் எடையும் உள்ளவருக்கு, 62-ஐ 2.56-ஆல் வகுக்க, 24.2 வருகிறது. கணக்கு எளிது, அதற்குப் பொருள் கொள்வதே அரிது.

18.5 முதல் 25-க்குள் இருப்பது நலம் என்பது உலக வழக்கு. அதன்படி மேற்கண்டவருக்குக் கவலையில்லை. ஆனால் 2004-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, ஆசிய மக்களுக்கு 23-லேயே எச்சரிக்கை வேண்டும் என்றது. ஒரே மனிதர், ஒரே எண், தீர்ப்போ இரண்டு!

இதற்குக் காரணம் யாது? இக்கணக்கைக் கண்ட 19ஆம் நூற்றாண்டுப் பெல்ஜிய அறிஞர் கெத்தலே, மருத்துவர் அல்லர். மக்கட் கூட்டத்தின் சராசரியை ஆராய்ந்த கணித வல்லுநர். அவர் கணக்கு எடையை அறியும். அவ்வெடை தசையா, கொழுப்பா என்பதை அறியாது. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் யுட்கினும் தம்மையே சான்றாக்கினர். இருவர் எண்ணும் 22.3; உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு.

இவ்வேறுபாடு நம்மவர்க்கு ஏட்டுச் செய்தி அன்று. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், 25 என்ற கோட்டைக் கொண்டு அளந்தபோதே, மலேசியரில் பாதிப்பேர் மிகை எடையினர். இனவாரியாக முதலிடம் இந்தியர்க்கே. ஆயர் தாவார் போன்ற ஊர்களின் தோட்டங்களில் பால்மரம் வெட்டி, வாளி சுமந்து நடந்த தலைமுறைக்கு உழைப்பே உடற்பயிற்சியாயிருந்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பிள்ளைகள் பலர் அமர்ந்து செய்யும் வேலைக்குப் போயினர். உழைப்புக் குறைந்தது, தட்டில் சோறும், தேநீரில் சீனியும் குறைந்தபாடில்லை.

ஆகவே எண்ணைத் தள்ளுவது தீர்வன்று. அதனோடு நின்றுவிடுவதும் அறிவன்று. 23-ஐக் கடந்தவர் இடுப்பையும் அளக்க வேண்டும். கடவாதவரும் அளப்பது நன்று. ஆசிய ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரும் பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. அதைத் தாண்டியவர் இரத்தச் சர்க்கரையைச் சோதித்தல் வேண்டும். கருவுற்றோர்க்கு இவ்வளவுகள் பொருந்தா. எண் கதவைத் தட்டும். திறந்து பார்ப்பது மனிதர் கடமை.