கரையேற்றியவள்

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் பெயரோ கடையெழு வள்ளல்களில் ஒருவர் பெயரோ வைத்திருக்கிறார்கள். தமிழ் படித்தவள் என்பதால் வண்டியில் எல்லோரும் என்னிடம்தான் கேட்பார்கள், காரி யார், நள்ளி என்ன கொடுத்தான் என்று. போன ஆகஸ்டில் அக்காவோடும் அவளுடைய சின்ன மகளோடும் போனபோது ஔவையார் பெயரைப் படித்துவிட்டு அக்கா, "பொம்பளைக்கும் ஒண்ணு வெச்சிக்கீறாங்களே" என்றாள். சின்னவளுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அந்தச் சந்தோஷத்துக்குத்தான் பயணம். பெரியவள் வரவில்லை. ஆம்பூரில் அவள் வேலை செய்யும் ஷூ கம்பெனியில் அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை.

சின்னவளுக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவள் நான். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கப் போகிறவருக்குத் தொழிற்கல்வியில் கல்விக் கட்டணச் சலுகை தரும் இந்த ஏற்பாடு 2010இல் வந்தது. தாத்தா பாட்டி தொடங்கி உடன்பிறந்தவர்கள் வரை யார் எதுவரை படித்தார்கள் என்று எழுத வேண்டும். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் வாங்கியிருந்தால் சலுகை கிடையாது. வீட்டுக்கு ஒருவர்தான். பெரியவள் பெயருக்கு நேரே '12ஆம் வகுப்பு' என்று எழுதினேன். அவள் மேலே படிக்காமல் போனது இவளுக்குத் தகுதியாகிவிட்டது. திட்டத்தை நான் குறைசொல்லவில்லை. அது இல்லாவிட்டால் சின்னவளும் கம்பெனி வண்டியில்தான் ஏறியிருப்பாள். ஆனால் இருபது வருடமாக வகுப்பில் பிரதிகளை வாசிக்கச் சொல்லிக்கொடுப்பவளுக்கு அந்தப் படிவமும் ஒரு பிரதிதான். முன்னேற்றம் என்பதை அது ஒரு வரிசையாகப் பார்க்கிறது. வரிசையின் முதலில் நிற்பவரை அதற்குத் தெரியும். அவரை அங்கே நிற்கவைத்தவர் அந்தப் படிவத்தில் வெறும் ஒரு கட்டம்.

எங்கள் பக்கத்துப் பேச்சில் இதைவிடக் கூர்மையாக இது பதிவாகியிருக்கிறது. பையன் படித்து வேலைக்குப் போனால் 'தலையெடுத்துட்டான்' என்பார்கள். பெண்ணைப் படிக்கவைத்தாலும் சரி, கட்டிக்கொடுத்தாலும் சரி, 'கரையேத்திட்டோம்'. ஒன்று தன்வினை, மற்றது பிறவினை. தலையை எடுத்தவன் அவனே. பெண்ணைக் கரையேற்றுவது யாரோ. அந்த யாரோ ஒருவர் கரையில் நின்றுகொண்டு கைகொடுக்கவில்லை, தண்ணீரில் நின்றுகொண்டு தூக்கிவிடுகிறார் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நாம் அதைக் கவனிப்பதில்லை. (பாலாற்றுக் கரையில் பிறந்த எனக்கு இந்த உவமையில் ஒரு கேலியும் கேட்கும். நான் வளர்ந்த காலத்தில் அந்த ஆற்றில் தண்ணீர் என்று சொல்லத் தகுந்தது எதுவும் ஓடவில்லை.)

இந்தப் பகுதியின் தோல் தொழிலில் யார் தண்ணீரில் நின்றார்கள் என்பதற்கு வரலாறு இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை டேனரிகளில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோலைப் புரட்டியவர்கள் பெரும்பாலும் தலித் ஆண்கள். என் அப்பா அவர்களில் ஒருவர். 1970களில் பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்தியது. முழுதாக முடித்த தோலும் செருப்பும் ஷூவும் வெளிநாடு போக வேண்டும் என்றார்கள். அதன்பின் ஷூ கம்பெனிகள் பெருகின. அங்கே பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். கம்பெனிக்குப் போக முடியாதவர்களின் வீட்டுக்கு வேலையே வந்தது. வெட்டிய தோல் துண்டுகளை மூட்டையாகக் கொண்டுவந்து தருவார்கள். திண்ணையில் உட்கார்ந்து ஊசியால் அப்பர் தைத்துக் கொடுக்க வேண்டும். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. அம்மா அப்படித்தான் தைத்தாள். விரல் நுனியில் வெடிப்பு ஆறாமலே இருக்கும், பிசையும் சோற்றில் உப்பு பட்டால் முகம் சுளிப்பாள். அக்கா பத்தாவதோடு நின்று, வயதைக் கூட்டிச் சொல்லி, கம்பெனிக்குப் போனாள். என் விடுதிக் கட்டணம் அவளுடைய சம்பளக் கவரிலிருந்து வந்தது.

என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் சமர்ப்பணம் இது: 'தோல் வாசனையோடு வீடு திரும்பிய என் தந்தைக்கு.' அதைப் படித்த பேராசிரியர் ஒருவர் கண் கலங்கினார். எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது. நன்றியுரையில் நெறியாளர், நூலகர், தட்டச்சு செய்தவர் எல்லோரும் உண்டு. அக்காவின் பெயர் இல்லை. மறந்துவிடவில்லை. அந்தக் கதையில் அவளை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நான் கற்றுக்கொண்ட கதையில் அதற்கு இடமே இல்லை.

நாம் வாசித்து வளர்ந்த முன்னேற்றக் கதைகளைத் திரும்பப் பார்க்கலாம். பேரணாம்பட்டுக்காரரான அழகிய பெரியவனின் நாவல் 'தகப்பன் கொடி' (2001). நாவலோடு எனக்கு வழக்கில்லை, எங்கள் மண்ணை எழுத்தில் கொண்டுவந்தவர். தலைப்பு மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. தகப்பன் வழியில் கொடி என்றால் வம்சம். பெண்ணுக்கு உள்ள கொடிகள் தாலிக்கொடியும் தொப்புள்கொடியும். ஒன்று பூட்டுவதற்கு, மற்றது அறுப்பதற்கு. டி. செல்வராஜின் 'தோல்', 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது, திண்டுக்கல் தோல் தொழிலாளர்களின் சங்கப் போராட்டத்தைச் சொல்கிறது. அதில் ஒருவர் தனியாகத் தப்பித்துப் போவது முன்னேற்றமாகாது. அந்த வகையில் அது இந்தக் கட்டுரைக்கு நல்ல எதிர்வாதம். ஆனால் அது ஷூ கம்பெனிகளுக்கு முந்தைய காலத்தின் நாவல். என் அக்காவின் தலைமுறையை அதில் தேட முடியாது.

சிவகாமியின் 'பழையன கழிதலும்' (1989) நாவலில்தான் நான் தேடியது கிடைத்தது, அதுவும் நான் விரும்பாத விதத்தில். அடிபட்டு, உடம்பெல்லாம் காயத்தோடு காத்தமுத்துவின் வாசலுக்கு வருகிறாள் தங்கம். கணவனை இழந்தவள், கணவன் வீட்டார் நிலத்தில் பங்கு தர மறுத்தவள், ஆதிக்கச் சாதிக்காரனின் வன்முறைக்கு ஆளானவள். காத்தமுத்து சாதித் தலைவர். தங்கத்தின் காயத்தை வழக்காக்குகிறார், பேரம் பேசுகிறார். கடைசியில் அவளையும் தன் வீட்டுப் பெண்களில் ஒருத்தியாக்கிக்கொள்கிறார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பவள் மகள் கௌரி. அம்மா கனகவல்லியைப் போலவும் சின்னம்மா நாகமணியைப் போலவும் ஆகிவிடக் கூடாது என்றுதான் அவள் படிக்கிறாள், வெளியேறுகிறாள். தகப்பனை அவள் பார்க்கும் பார்வையில் தயவே இல்லை, அதைத்தான் நாம் கொண்டாடினோம். நானும் பல ஆண்டுகள் அப்படியே பாடம் நடத்தினேன். கௌரி படித்த வீட்டில் அடுப்பு எரிந்தது யாரால் என்று நான் கேட்டதில்லை. வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "கௌரி போயிட்டா சரி மேடம், தங்கம் எங்கே போவா?" அவளுடைய அம்மாவும் கம்பெனிக்குப் போகிறவர். அந்த மணி நேரம் முழுக்க நான் சொன்ன பதில் எனக்கே திருப்தி தரவில்லை.

சிவகாமி செய்ததுதான் எனக்கு முக்கியம். எட்டு ஆண்டுகள் கழித்து, 1997இல், தன் நாவலையே விசாரிக்கும் இன்னொரு நாவலை 'ஆசிரியர் குறிப்பு' என்று எழுதினார். மேலே வந்துவிட்டவள் கீழே விட்டு வந்தவர்களை எழுதும்போது எதைக் கூட்டுகிறாள், எதை மறைக்கிறாள் என்பதை அவரே திரும்பிப்போய்க் கேட்கிறார். முதல் நாவலுக்குக் கிடைத்த கவனத்தில் பாதிகூட இதற்குக் கிடைக்கவில்லை. கதாநாயகி தப்பித்துவிட்டாள் என்று முடியும் கதை நமக்கு வசதியாக இருக்கிறது, படித்த பெண்களான நமக்கு இன்னும் வசதி.

பாமாவின் 'கருக்கு' (1992) வேறு மாதிரி. படித்தால் மதிப்பு வரும் என்று அண்ணன் சொல்கிறார், பாமா படிக்கிறார், ஆசிரியை ஆகிறார், துறவற சபையில் சேர்கிறார். ஏறிப்போய்ச் சேர்ந்த இடத்திலும் தன் சனங்கள்தான் கீழ்வேலை செய்கிறார்கள் என்பதைக் கண்டு, ஏழு ஆண்டுகளுக்குப் பின் இறங்கி வந்துவிடுகிறார். ஏற்றத்தை மட்டும் சொல்லும் கதைகளுக்கு நடுவே இறங்குவதை எழுதியது பெரிய காரியம். நாயக்கர் வீட்டில் பாட்டி பார்த்த வேலையையும் வாங்கிய சோற்றையும் அவர் ஒன்றுவிடாமல் எண்ணிச் சொல்கிறார். என் ஆய்வேட்டில் 'கருக்கு' பற்றி ஓர் இயல் இருக்கிறது. அதை எழுதிய காலத்தில்கூட எனக்கு அக்கா நினைவுக்கு வரவில்லை.

2022இல் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் அன்னி எர்னோ இந்த விஷயத்தில் உலகமே மேற்கோள் காட்டும் பெயர். சிறு ஊரில் காப்பிக்கடையும் மளிகைக் கடையும் வைத்திருந்த பெற்றோரின் மகள். படித்து ஆசிரியை ஆனதால் அப்பாவின் உலகத்திலிருந்து தான் விலகிவிட்ட தூரத்தை 1983இல் ஒரு சிறு நூலாக எழுதினார். அவர் ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவர். அவருக்கு முன் பிறந்த அக்கா 1938இல் ஆறு வயதில் தொண்டை அடைப்பான் நோயில் இறந்துபோனாள். ஒரு பிள்ளைக்கு மேல் வளர்க்கப் பெற்றோருக்கு வசதியில்லை, அவள் போனதால்தான் தான் பிறந்தேன் என்பதை எர்னோ 2011இல்தான் எழுதுகிறார், செத்துப்போன அக்காவுக்குக் கடிதமாக. படித்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. என் அக்கா உயிரோடு இருக்கிறாள். கழுத்து வலியோடு, தையல் மெஷின் முன் குனிந்து குனிந்து வளைந்த முதுகோடு, ஆம்பூரில் இருக்கிறாள். கடிதம் எழுத வேண்டிய தேவைகூட இல்லை, பஸ் ஏறினால் போதும்.

1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், பாலாற்றைக் கெடுத்தவர்களே அதற்கு ஈடு கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவர்கள் யார் யார், எவ்வளவு தர வேண்டும் என்று கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னது. ஆற்றுக்குக்கூட ஒரு கணக்கு வைக்க முடிந்தது. வீட்டுக்குள் ஒருத்தியின் படிப்பு எந்தக் கையின் தேய்மானத்தில் வந்தது என்று கேட்டால் மட்டும் 'பாசத்துக்கு ஏது கணக்கு' என்று வாயை அடைக்கிறோம். என்னைக் கேட்டால், பாசத்துக்குக் கணக்கு பார்க்கக் கூடாது என்று முதலில் சொல்பவர் வாங்கிக்கொண்டவராகத்தான் இருப்பார். நானும் சொல்லியிருக்கிறேன்.

மலைமேல் காட்சிமுனையில் சின்னவள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தாள். அக்கா கீழே சமவெளியைப் பார்த்து, "ஆம்பூரு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். காட்டினேன். மணி மூன்றரை. பெரியவளுக்கு ஷிஃப்ட் முடிய இன்னும் நேரம் இருந்தது.

ஆய்வேடு இப்போது நூலாக வரப்போகிறது. சமர்ப்பணத்தை மாற்றி அவள் பெயரைப் போடப்போவதாக அங்கே வைத்துத்தான் சொன்னேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னாள்:

"என் பேரு இன்னாத்துக்கு இப்ப? நான் தெச்சி முடிச்சிட்டேன். போடறதா இருந்தா பெரியவ பேரைப் போடு. அவ இப்பதானே உக்காந்துகீறா."

பதிப்பாளரிடம் இன்னும் ஒரு வாரம் கேட்டிருக்கிறேன்.